அந்த மூலை யாருடைய வேலை?

ராசிங்காபுரத்திலும் போடி வட்டாரத்து மற்ற ஊர்களிலும் தளம் போடும் கொத்தனார்கள், மேஸ்திரிகள், சித்தாள் நிமிந்தாள் வேலை பார்ப்பவர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, தம்பிகளே, அக்கா தங்கைகளே,

நானும் ஒரு கொத்தனாரின் மகன். அப்பா கரண்டி பிடித்த கையால்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம். பிறகு நான் வெளியூர்களில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கப் போய், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். நீங்கள் எழுப்பிய வீடுகளில்தான் இந்த ஊரே குடியிருக்கிறது. அந்த உரிமையில் ஒரு விஷயத்தை உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

விஷயம் மொட்டை மாடி. அதிலும், தளமும் கைப்பிடிச் சுவரும் கூடுகிற மூலை.

போன ஐப்பசி அடைமழையில் என் வீட்டு வடகிழக்கு அறைக் கூரையில், சுவரை ஒட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் கண்டது. மூன்றாம் நாள் முறத்தளவுக்குப் பரவியது. அம்மாவின் கட்டில் அதற்கு நேர் கீழே. நடு இரவில் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு குண்டானை வைத்தோம். விடிய விடிய அந்தச் சொட்டுச் சத்தம். அம்மா கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். "மெத்தை வீடு கட்டினா நனையாமப் படுக்கலாம்னுதானப்பா இவ்வளவு பாடு பட்டோம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மழை ஓய்ந்து தளம் காய்ந்ததும் தை மாதத்தில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பதித்த ஓடுகளில் ஒரு விரிசல்கூட இல்லை. வாட்டமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூலையில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. நாலைந்து இலை இருக்கும். பிடித்து இழுத்தேன், வரவில்லை. ஓரத்து ஓட்டைக் கொத்தி எடுத்துப் பார்த்தால், வேர் இரண்டு முழத்துக்கு மேல், சுவருக்கும் தளத்துக்கும் நடுவே நூல் கோத்தது போல ஓடியிருந்தது. வேர் போன வழியில்தான் தண்ணீரும் போயிருக்கிறது. கைப்பிடிச் சுவரின் பூச்சு ஓட்டு மட்டத்தில் வந்து நின்றுவிட்டது. ஓடு அந்தப் பூச்சில் வந்து முட்டி நின்றது. இரண்டுக்கும் இடையே ஓர் ஆணி நுழையும் அளவுக்குச் சந்து. அதற்கு அடியில் எந்தக் காப்பும் இல்லை.

வீடு கட்டிக் கொடுத்தவரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் கம்பியில் குறைக்கவில்லை, சிமெண்ட்டில் குறைக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. கைப்பிடிச் சுவரைக் கட்டியவர் ஒருவர். சில வாரம் கழித்து அதைப் பூசியவர் இன்னொருவர். வீடு குடிபுகும் சமயத்தில் வந்து தளத்தில் ஓடு பதித்தவர் மூன்றாமவர். சுவருக்குக் கன அடிக் கணக்கு, பூச்சுக்கும் ஓட்டுக்கும் சதுர அடிக் கணக்கு. மூவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் முடித்துவிட்டுப் போனார்கள். மூன்று வேலையும் வந்து சந்திக்கிற அந்த மூலைக்கு மட்டும் ரேட்டு கிடையாது. அதனால் அது எவருடைய வேலையாகவும் இல்லாமல் போனது. இத்தனை வருடம் மேற்பார்வை பார்த்த நானே என் வீட்டு ஒப்பந்தத் தாளில் அதை எழுதிக் கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றுதான். அந்த மூலையைத் தனி வேலையாக எண்ணுங்கள். அதற்குத் தனி ரேட்டு பேசுங்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள், அதற்கென்று நாள் ஒதுக்கிச் செய்யுங்கள்.

எத்தனை உறுதியாகக் கட்டினாலும் அந்த இடம் ஏன் விரிகிறது என்பதைப் பார்ப்போம். கான்கிரீட் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். 30 அடி நீளத் தளம் ஒன்று, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் 30 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அதன் மேல் நிற்கும் செங்கல் சுவர் அதில் ஏறக்குறைய பாதிதான் நீளும். ஒன்று மூன்று அடி எடுத்து வைக்கும்போது மற்றது ஒன்றரை அடி வைத்தால், சேர்ந்து பிடித்த கை விட்டுப் போகத்தானே செய்யும்? இது சித்திரை வெயிலில் தினமும் நடக்கிறது. வெறும் சிமெண்ட் பூச்சுக்கு இந்த இழுப்பைத் தாங்கும் நெகிழ்வு கிடையாது. தலைமுடி அளவுக்கு விரிசல் விழும். அதில் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் கம்பியைத் தொட்டால் துரு. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கூரைக் கான்கிரீட் அடிப்பக்கத்தில் பொரிந்து பாளம் பாளமாக விழுகிறது. தூங்குகிற பிள்ளைகளின் மேல் விழுவதும் அதுதான்.

நம் ஊரின் காற்றும் மழையும் இதற்குத் துணை போகின்றன. நாம் இருப்பது மலையின் கிழக்கு அடிவாரம். ஆனி ஆடியில் மேற்கு மலை தாண்டி வரும் காற்று எப்படி இறங்கும் என்று சாரம் கட்டி நின்று வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றோடு வரும் சாரல் நேராக விழாது, சாய்ந்து வந்து அறையும். மேற்கிலிருந்து வரும் சாரல் மாடியைக் கடந்து போய் அடிப்பது கிழக்குக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தை. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழை அடிப்பது தென்மேற்கு மூலையின் உட்பக்கத்தை. சுவரில் பட்ட தண்ணீர் அத்தனையும் வழிந்து வந்து நிற்பது அதன் காலடியில், நாம் ஒன்றும் செய்யாமல் விட்ட அந்தச் சந்தில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கம் கன்னிமூலையை உயர்த்தி ஈசானிய மூலைக்கு வாட்டம் கொடுப்பது வழக்கம். 600 சதுர அடித் தளத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் சேர்வது ஏறக்குறைய 1,400 லிட்டர். அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி, ஒரே குழாய் வாயில் இறங்க வேண்டும். என் வீட்டில் ஓதம் வடகிழக்கில் கண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வாஸ்து பார்த்து அந்த மூலைக்குத் தண்ணீரை அனுப்புகிறோம் என்றால், அதைத் தாங்கும் பலத்தையும் அந்த மூலைக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

பலம் கொடுப்பது எப்படி? இதற்கு எந்த ஊர்ப் புத்தகமும் வேண்டாம். கிடுகு வேய்ந்த கூரையை நினைத்துப் பாருங்கள். கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் ஏறிப் படுகிற மாதிரிதான் வேய்வோம். மேலிருந்து வரும் தண்ணீர் அடுத்த கிடுகின் முதுகில்தான் விழும், வயிற்றுக்குள் போகாது. ஓட்டு வீட்டிலும் அதுதான் முறை. மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போய் வந்தவர்களுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோர் தெரியும். அதன் சூட்டறையின் புகைக்குழாய் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். அந்தத் துளையைச் சுற்றிக் குடை விரித்தாற்போல ஒரு தகரம் மடித்துப் போட்டிருப்பார்கள். அதன் மேல்விளிம்பு மேலே உள்ள தகரத்துக்கு அடியில் நுழைந்திருக்கும், கீழ்விளிம்பு கீழே உள்ள தகரத்தின் மேல் படுத்திருக்கும். ஏலக்காயில் ஒரு சொட்டு விழுந்தால் பச்சை நிறம் போகும், பூசணம் பிடிக்கும், ஏலத்தில் விலை விழும். அதனால் அங்கே அந்தத் தகரத்தை யாரும் மறப்பதில்லை. மலையில் காய் நனையாமல் இருக்கச் செய்கிற காரியத்தை, அடிவாரத்தில் நம் தாய் பிள்ளைகள் நனையாமல் இருக்கவும் செய்ய வேண்டாமா?

வெளிநாடுகளில் இதற்கு ஃப்ளாஷிங் என்று பெயர். இங்கிலாந்தில் ஈயத் தகட்டை மடித்து, செங்கல் வரிசையின் சாந்துக் காடியில் செருகி, கீழே கூரையின் மேல் படிய விடுவார்கள். பொருள் ஊருக்கு ஊர் மாறும், தத்துவம் கிடுகுக் கூரையின் தத்துவம்தான். சுவரில் வழியும் தண்ணீர் தளத்தின் மேல் விழ வேண்டும், இடையில் எங்கும் உள்ளே திரும்பக் கூடாது.

நம் பெரியவர்கள் தகடு இல்லாமலே இதைச் சாதித்தார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு என்ற அளவு தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் வேலை விவரங்களில் இடம்பெற்றது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். அதன் மேல் தட்டோடு. அந்தச் சுண்ணாம்புக் கலவை சுவரருகே வந்ததும் சட்டென்று நிற்காது. சுவரில் வெட்டிய காடிக்குள் ஏறி, வளைந்து, ஒரே உடம்பாகப் போகும். அப்பா அந்த வளைவை ஒரு காலி சோடா பாட்டிலை வைத்து அழுத்தி உருட்டுவார். பாட்டில் போன இடமெல்லாம் மூலை மறைந்து, குழந்தையின் முழங்கை மடிப்பு மாதிரி வழவழப்பாக ஆகும். "தண்ணிக்கு மூலையக் காட்டாதே, உக்காந்துக்கிடும்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது என் தளத்தைக் கொத்தி எடுத்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் புரிந்தது.

சிமெண்ட் வந்த பிறகு வேகம் வந்தது. சுண்ணாம்பு தட்டும் வேலை போனது, அதோடு அந்த வளைவும் போய்விட்டது. ஆனால் அரசாங்கக் கணக்கில் அது போகவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் தளமும் சுவரும் சேரும் மூலைக்கு 75 மில்லிமீட்டருக்கு 75 மில்லிமீட்டர் கான்கிரீட் வளைவு தனி இனம், மீட்டர் கணக்கில் கூலி. மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குப் பள்ளமாகப் போடும் கான்கிரீட் இன்னொரு தனி இனம், எண்ணிக்கைக் கணக்கில் கூலி. அரசாங்கமே தனி வேலை என்று எழுதித் தனிக் காசு கொடுக்கிறதை நாம் ஏன் இனாமாகவோ அரைகுறையாகவோ செய்ய வேண்டும்?

இனி, செய்முறை. இதில் பல உங்களுக்குத் தெரிந்தவைதான். எல்லாவற்றையும் ஓர் ஒழுங்கில் வைத்துப் பார்க்கவே எழுதுகிறேன்.

முதல் விதி: முதலில் மூலை, பிறகு ஓடு, கடைசியில் சுவரின் அடிப்பூச்சு. இந்த வரிசை மாறினால் எந்த மருந்து பூசினாலும் பயன் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பூசும்போது தளத்திலிருந்து ஓர் அடி உயரத்தைப் பூசாமல் விட்டுவிடுங்கள். அங்கே செங்கல் தெரியட்டும். ஓடு வரப்போகும் மட்டத்திலிருந்து ஆறு அங்குலம் மேலே, சுவர் நெடுக ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு காடி வெட்டுங்கள். மூலையிலுள்ள தூசி, சிமெண்ட் பால் காய்ந்த பொருக்கு, பாசி எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒன்றுக்கு மூன்று கலவையில் மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் வளைவு கொடுங்கள். சோடா பாட்டில் கிடைக்காவிட்டால் ஒரு துண்டு பி.வி.சி. குழாய் போதும். ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள்.

வளைவு இறுகிய பிறகு, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை ஒரு கை அடியுங்கள். தளத்தில் ஆறு அங்குலம், சுவரில் காடி வரை. அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையை அதன் மேல் ஒட்டி, சுருக்கம் இல்லாமல் நீவுங்கள். வலையின் ஒரு துண்டு அடுத்த துண்டின் மேல் நாலு அங்குலமாவது ஏறட்டும். வலையின் மேல்விளிம்பு காடிக்குள் போகட்டும். காய்ந்ததும் இரண்டாவது கை, முதல் கைக்குக் குறுக்காக. பூச்சை உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். சுடுகிற தளத்தில் அது பிடிக்குமுன் காய்ந்துவிடும், பிறகு தோலாக உரியும். காலை வேளை நல்லது. ஈரம் கோத்த சுவரில் தார்ப் பாயை அனல் காட்டி ஒட்டுவதும் நிற்காது. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கொப்புளம் விடும்.

இதன் பிறகுதான் ஓடு. ஓட்டைச் சுவரோடு முட்ட விடாதீர்கள். சுண்டுவிரல் கனத்துக்கு இடைவெளி விட்டு, அதில் சிமெண்ட் வைக்காமல், இழுத்தால் நீளும் ரப்பர் மாதிரியான சீலண்டை நிரப்புங்கள். தளம் நீள இடம் வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் அது சுவரைத் தள்ளும். கடைசியாகச் சுவரின் அடிப்பூச்சு. அது காடியை மூடி, வலையின் மேல் இறங்கி, ஓட்டைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும். மேல் கிடுகு கீழ்க் கிடுகின் மேல் ஏறிவிட்டது. அவ்வளவுதான்.

கைப்பிடிச் சுவரின் தலையையும் மறக்க வேண்டாம். அதன் மேல்பூச்சு உட்பக்கமாகச் சரிந்து, சுவரைவிட இரண்டு அங்குலம் துருத்தி நின்று, அடியில் வாட்டர் கட்டிங் இருக்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் போடுகிறோமே, அதே கோடுதான். தண்ணீர் அந்தக் கோட்டில் சொட்டி விழும், சுவரில் ஒட்டி வழியாது.

மூலையைப் போலவே ஆளில்லாத இடங்கள் இன்னும் நாலு இருக்கின்றன. முதலாவது, குழாய் வாய். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு மாடிக்கு மாடி குழாய் வந்தது. ஆனால் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் வெறும் சிமெண்ட்டை அப்பிவிடுகிறோம். பி.வி.சி.யோடு சிமெண்ட் ஒட்டாது. குழாயை மணல் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பூச்சையும் வலையையும் குழாயின் வாய்க்குள் இரண்டு அங்குலம் மடித்து விடுங்கள். இரண்டாவது, படிக்கட்டு அறையின் வாசல். அதன் நிலைப்படி தளத்தை விட ஆறு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, தண்ணீர்த் தொட்டியின் கால், சோலார் தகட்டின் கால், டிஷ் ஆண்டெனாவின் போல்ட். தளத்தை நேராகத் துளைக்காமல், தனிக் கான்கிரீட் கட்டை போட்டு அதில் முடுக்குங்கள்.

நாலாவது, நம் ஊரில் வீட்டுக்கு வீடு தெரிவது: அடுத்த மாடிக்கென்று தூண் தலையில் விட்ட கம்பி. மகன் தலையெடுத்து மாடி எழுப்புவான் என்ற நம்பிக்கை அந்தக் கம்பியில் நிற்கிறது. அந்த நம்பிக்கையைத் துருப்பிடிக்க விடக் கூடாது. கம்பிக்குச் சிமெண்ட் பால் அடித்து, பிற்பாடு உடைத்து எடுக்கத் தோதாக மெலிந்த கலவைக் கான்கிரீட்டில் மூடி, அதன் அடிக்கும் வளைவும் வலையும் போடுங்கள். மொட்டையாக விட்ட கம்பி ஒவ்வொரு மழைக்கும் துருநீரைத் தூணுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும்.

மாடியில் தகரக் கொட்டகை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். கேரளத்திலும் இங்கேயும் ஒழுகுகிற தளத்துக்கு மேல் தகரம் போடுவது பெருகிவிட்டது. நல்லதுதான், ஆனால் தகரம் படிக்கட்டு அறைச் சுவரோடு சேரும் இடம் மறுபடியும் ஒரு மூலை. சுவரில் காடி வெட்டி, மடித்த தகரப் பட்டையை அதில் செருகி, கீழ்ப்பக்கம் கூரைத் தகரத்தின் மேல் ஆறு அங்குலம் படிய விடுங்கள். ஆணியை அலையின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடிக்காதீர்கள். அலுமினியப் பட்டையானால் அதை ஈரச் சிமெண்ட்டில் நேராகப் புதைக்க வேண்டாம். சிமெண்ட்டின் காரம் அதை அரித்துவிடும். காடியைச் சீலண்டால் மூடுங்கள்.

வேலை முடிந்ததும் பாத்தி கட்டிப் பாருங்கள். தளம் போட்டதும் மண்ணால் வரப்பு வைத்துத் தண்ணீர் நிறுத்துகிறோமே, அதே பாத்தியை இங்கே சோதனைக்குக் கட்டுங்கள். குழாய் வாயை அடைத்து, மூலையோரம் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு பகல் இரண்டு இரவு விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்க் கீழே கூரையைக் காட்டுங்கள். காய்ந்திருக்கிற கூரையைப் பார்த்த பிறகு உங்கள் கூலியைப் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான். வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் சாவி கொடுக்கும் நாளில் சொல்லிவிட்டுப் போங்கள். வைகாசியில் சாரலுக்கு முன் ஒரு தடவை, புரட்டாசியில் அடைமழைக்கு முன் ஒரு தடவை, வருடத்துக்கு இரண்டு நாள். தென்னம்பாளை, சருகு, மண் எல்லாவற்றையும் கூட்டி எடுக்க வேண்டும். குழாய் வாய்க்கு வலை மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்டிப் பிடியால் மூலையைத் தட்டிக்கொண்டே நடந்தால், பொள்ளென்று சத்தம் வருகிற இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம். உப்பு பூத்த இடம், பாசி கோடு போட்ட இடம் இரண்டும் தண்ணீர் எழுதி வைத்த கையெழுத்து. அரசங்கன்றோ ஆலங்கன்றோ தெரிந்தால் தலையை மட்டும் கிள்ளி எறியக் கூடாது, கொத்தி வேரை எடுத்து அந்தச் சந்தை அடைக்க வேண்டும். பந்தல் போடவும் கொடி கட்டவும் கைப்பிடிச் சுவரின் காலடியில் துளை போட விடாதீர்கள். கோடைக்கு முன் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும், தளம் நீள்வதும் குறையும், மூலையின் ஆயுள் கூடும்.

இப்போது நம் ஊர்களில் நிறையச் சிறு வீடுகள் எழும்புகின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024-25-க்கு ஒரு லட்சம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீடு ஒன்று 360 சதுர அடி, மதிப்பு 3.50 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தோடு கையிலிருக்கும் நகையையும் அடகு வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. மலைக்கு ஜீப்பில் போய் ஏலக்காய் பறித்துச் சேர்த்த கூலியும் அதில் இருக்கும். அந்த வீட்டில் கூரை ஒழுகினால் மறுபடி செலவு செய்ய அவர்களிடம் ஒன்றும் இருக்காது. 18 அடிக்கு 20 அடி வீட்டில் சுற்றளவு 76 ஓட்ட அடிதான். அதற்குப் பிடிக்கும் பொருளும் கூலியும் வீட்டு மதிப்பில் சிறு பங்கு. கைப்பிடிச் சுவர் இல்லாத வீடானால் தள விளிம்பில் வாட்டர் கட்டிங்கையாவது தவறவிடாதீர்கள். கடைசித் தவணை கொடுக்கும் முன் பாத்தி கட்டிப் பார்த்தாயிற்றா என்று ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் கேட்கும் வழக்கம் வந்தால் நல்லது. அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் நாமே தொடங்கிவிடலாம்.

கூலி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். 30 அடிக்கு 20 அடி வீட்டில் மூலை 100 ஓட்ட அடி. தளத்தில் ஆறு அங்குலமும் சுவரில் ஆறு அங்குலமும் சேர்த்தால் 100 சதுர அடி, அதாவது மொத்தத் தளத்தில் ஆறில் ஒரு பங்கு. இத்தனை பெரிய வேலையை உங்களிடம் இனாமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை. எஸ்டிமேட் எழுதும்போது, சிமெண்ட், கம்பி, மணல் என்று எழுதி வரும் அந்தத் தாளில், "மூலை வேலை, இத்தனை ஓட்ட அடி, இன்ன ரேட்டு" என்று ஒரு வரி சேருங்கள். வீட்டுக்காரர் இது என்ன என்று கேட்பார். கேட்டால் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்துவிட்டால், சுவர் கட்டுகிறவர், பூசுகிறவர், ஓடு பதிக்கிறவர் மூவரில் யார் அந்த மூலைக்குப் பொறுப்பு என்பது அன்றைக்கே முடிவாகிவிடும்.

நான் என் வீட்டு மூலைகளை இந்த மாசி மாதம் செய்து முடித்துவிட்டேன். வேலைக்கு வந்த தம்பி ஒருவர், "இதையெல்லாம் மூடிட்டா யாருக்குத் தெரியும்ணே, உள்ள என்ன இருக்குன்னு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதனால் படிக்கட்டுக்கு அடியில் இரண்டடி நீளத்துக்கு ஒரு மாதிரி மூலையைக் கட்டி வைத்திருக்கிறோம். செங்கல், காடி, வளைவு, முதல் கை, வலை, இரண்டாம் கை, ஓடு, அடிப்பூச்சு என்று ஒவ்வொரு அடுக்கும் படிப்படியாக வெளியே தெரிகிற மாதிரி விட்டிருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம், இதைவிட நல்ல முறை தெரிந்தால் எனக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அப்பாவின் சோடா பாட்டில் ஒன்று பரணில் கிடந்தது. அதையும் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

கோடை மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. வேலை முடிந்து போகிற வழியில் ஒரு சாயங்காலம் வாருங்கள். அம்மா டீ போட்டுத் தருவார். அவர் கட்டில் பழைய இடத்துக்கே போய்விட்டது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ராசிங்காபுரம்